கண்ணாடித் தொட்டியில் வல்லாரை

இலண்டன் தமிழ்க் கடைகளில் வாங்கும் வல்லாரைக் கட்டு இரண்டு நாளில் மஞ்சளடித்துவிடுகிறது. அதனாலோ என்னவோ, எம்மவர் சிலர் பூங்காக்களில் வல்லாரை தேடத் தொடங்கியிருக்கிறார்கள். கடந்த இளவேனிலில் வயதான அம்மா ஒருவர் பை நிறையப் பிடுங்கிவந்து எம்மிடம் காட்டினார். இலை ஏறக்குறைய வட்டம்தான். ஆனால் இடையிடையே பளிச்சென்ற மஞ்சள் பூ! அது லெஸ்ஸர் செலண்டைன் என்ற நச்சுச்செடி. பச்சையாகச் சம்பல் போட்டிருந்தால் வாயும் வயிறும் புண்ணாகியிருக்கும். வல்லாரைக்கு மஞ்சள் பூ கிடையாது. அதன் பூ மிகச் சிறியது, இலைக்கடியில் ஒளிந்திருக்கும்.

ஆகவே, தயவுசெய்து பூங்காவில் பிடுங்காதீர்கள். வீட்டிலேயே வளர்க்கலாம். வல்லாரைக்கு வேண்டியது ஈரமும் இளஞ்சூடும். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டுக் காற்று காய்ந்திருப்பதால், மூடியுள்ள பழைய மீன்தொட்டி நல்லது. இந்த முறையைப் பரப்பியவரும் இலண்டன் வைத்தியர்தான்: நதானியல் வார்ட், 19ஆம் நூற்றாண்டில்.

அடியில் ஓரங்குலம் கூழாங்கல், மேலே மூன்றங்குலம் கொம்போஸ்ட். கடைக் கட்டில் கணுவுள்ள தண்டைத் தெரிந்து தண்ணீரில் வையுங்கள், வேர்விட்டதும் நடுங்கள். கொடி படர்ந்து கணுவுக்குக் கணு வேர்பிடிக்கும். தொட்டிக்கு ஓட்டை இல்லை என்பதை மறந்து தினமும் தண்ணீர் ஊற்றுவதுதான் நாம் எல்லோரும் விடும் பிழை. கண்ணாடி நாள் முழுக்க வியர்த்திருந்தால் மூடியைத் திறந்துவிடுங்கள். நேர்வெயிலில் வைத்தால் செடி வெந்துபோகும். மார்கழி இருட்டுக்கு எல்.ஈ.டி. விளக்கு 12 மணிநேரம் போதும். பூஞ்சணம் பிடித்த இலையை உடனே எடுத்துவிடுங்கள்.

வீதியோர மண் வேண்டாம். மண்ணிலுள்ள ஈயம் போன்ற உலோகங்களை வல்லாரை உறிஞ்சக்கூடியது. பூச்சிமருந்தும் அடிக்காதீர்கள், உண்ணப்போவது நாம்தானே.

ஞாபகசக்திக்கு வல்லாரை என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம். அதற்கு உறுதியான மருத்துவச் சான்று இன்னும் இல்லை. சம்பலாக அளவோடு உண்பது வேறு, வல்லாரை மாத்திரை விழுங்குவது வேறு. மாத்திரை எடுத்த சிலருக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவப் பதிவுகள் உண்டு. ஈரல் நோயுள்ளவர்கள், கர்ப்பிணிகள், நித்திரைக் குளிசை எடுப்பவர்கள் முதலில் உங்கள் ஜி.பி.யிடம் கேளுங்கள்.

ஒரு தொட்டி நாலு பேருக்குத் தினமும் காணாது. வெளிப்புற முற்றிய இலைகளை மட்டும் கிள்ளினால், அவ்வப்போது ஒரு சின்னச் சம்பலுக்குத் தேறும்.