மழை நாளில் எழுதும் பூஜ்யமும் கணக்குதான்

கோழிக்குஞ்சைத் தூக்கும் பருந்தை யாருக்குத்தான் பிடிக்கும்? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1929-ல், பெரிய வல்லூறு ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்தால் 5 டாலர் பரிசு என்று அரசே அறிவித்தது. சுடப் போனவர்கள் வல்லூறு எது, வேறு பருந்து எது என்று பார்க்கவில்லை. இலையுதிர்காலத்தில் தெற்கு நோக்கி வலசை போகும் பறவைகள் அங்குள்ள நீண்ட மலை முகட்டை ஒட்டித் தாழ்வாகப் பறக்கும். துப்பாக்கியோடு முகட்டில் காத்திருந்தவர்களுக்கு அது சுலபமான வேட்டையாகிவிட்டது.

1934-ல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் பிரவுன் என்பவரைக் காவலுக்கு வைத்தார். பிரவுன் காவலோடு நிற்கவில்லை. பாறைமேல் உட்கார்ந்து, கடந்து போகும் பறவைகளை இனம் இனமாக எண்ணி எழுதத் தொடங்கினார். ‘ஹாக் மவுண்டன்’ என்று பெயர்பெற்ற அந்த இடத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விடுபட்டதைத் தவிர, இன்றுவரை ஆகஸ்ட் 15 முதல் டிசம்பர் 15 வரை கணக்கெடுப்பு நடக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 18 ஆயிரம் பறவைகள் கணக்கில் வருகின்றன.

காற்று மாறினால் கணக்கு மாறும்

இந்த வேலையில் பாதி, வானிலையைப் பார்ப்பதுதான். வடமேற்கிலிருந்து குளிர்காற்று வீசினால், அது முகட்டில் மோதி மேல்நோக்கித் திரும்புகிறது. அந்தக் காற்றின்மீது பறவைகள் சிறகடிக்காமலே மிதந்து, பாறைக்கு எதிரிலேயே கடந்து போகின்றன. மறுநாள் காற்று திசை மாறினால் அவை முகட்டை விட்டுப் பரவலாகப் போய்விடும். பாறைமேல் இருப்பவர் கண்ணில் படாது. மழையிலும் மூடுபனியிலும் பெரும்பாலானவை பறப்பதே இல்லை.

செப்டம்பரில் வரும் அகன்ற சிறகுப் பருந்துகளின் வழக்கம் வேறு. உழுது போட்ட நிலத்தில் மதிய வெயிலுக்குச் சூறைக்காற்று சுழன்று எழும்பும் அல்லவா? அதுபோல மேலெழும் சூடான காற்றில் நூற்றுக்கணக்கில் சுற்றிச் சுற்றி உயரே ஏறும். அந்தச் சுழலை எண்ண முயன்றால் தலைதான் சுற்றும். அனுபவம் உள்ளவர்கள் காத்திருப்பார்கள். உச்சிக்குப் போனதும் பறவைகள் வரிசையாக நழுவி அடுத்த சுழலைத் தேடிச் செல்லும். அப்போதுதான் எண்ணுவார்கள், கூட்டம் பெரிதானால் பத்துப் பத்தாக. 1978 செப்டம்பரில் ஒரே நாளில் 20 ஆயிரத்துக்கும் மேல் கடந்தன. ஓர் ஆண்டுச் சராசரியைவிட அதிகம்!

வெள்ளை மேகம் இருந்தால் உயரத்தில் போகும் பறவையும் கரும்புள்ளியாகத் தெரியும். துடைத்துவிட்டது போன்ற நீலவானத்தில் அதே பறவை தப்பிவிடும். நல்ல வெயில் நாள் என்று நாம் நினைப்பது எண்ணுபவருக்குக் கெட்ட நாள்.

ஆகவே, மணிக்கு மணி பறவைகளோடு காற்றின் திசை, வேகம், வெப்பம், மேகம், பார்வைக்கு எட்டும் தூரம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறார்கள். ஒன்றும் வராத மணிக்கு 0 என்று எழுதுகிறார்கள். அந்த 0 இல்லாவிட்டால், பறவை குறைந்ததா, பார்த்த நேரம் குறைந்ததா என்று பின்னால் சொல்ல முடியாது.

இளசுகள் எங்கே போயின?

பிரவுனின் குறிப்பேடு பலன் தந்தது வெண்தலைக் கழுகின் கணக்கில். இந்தக் கழுகுக்குத் தலை வெளுக்க ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஆகும். இளசு முழுக்கக் கருமையாக இருப்பதால் தூரத்திலிருந்தே பிரித்துவிடலாம். 1935-39-ல் எண்ணிய கழுகுகளில் 40 சதவீதம் இளசுகள். 1955-59-ல் அது 20 சதவீதம் ஆனது. 1957-ல் 32 பெரிய கழுகுகளுக்கு ஒரே ஓர் இளசு.

மொத்த எண்ணிக்கை குறைந்தால் காற்றின்மீது பழி போடலாம். ஆனால், இளசுகளை மட்டும் ஒதுக்கிவிட்டுப் பெரியவற்றை மட்டும் அனுப்பும் காற்று உண்டா? ரேச்சல் கார்சன் 1962-ல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ நூலில் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டினார். டி.டி.டி. மருந்து மீன் வழியாகக் கழுகின் உடலில் சேர்ந்து, முட்டை ஓட்டை மெலியச் செய்தது பின்னர் உறுதியானது. அடைகாக்கும் தாயின் பாரத்திலேயே முட்டை உடைந்தது. 1972-ல் அமெரிக்கா வேளாண்மையில் டி.டி.டி.யைத் தடை செய்தது. கழுகுகள் மீண்டன.

கரிசலுக்கு வரும் விருந்தாளி

நம் தென்மாவட்டக் கரிசல் காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் ஐப்பசி வாக்கில் மத்திய ஆசியாவிலிருந்து பூனைப்பருந்துகள் வருகின்றன. வயலுக்கு மேலே தாழப் பறந்து வெட்டுக்கிளி, எலி, சிறு பறவைகளைப் பிடிக்கும். மரத்தில் அடையாமல், பொழுது சாய்ந்ததும் புல்தரையில் கூட்டமாக இறங்கித் தூங்கும்.

வெட்டுக்கிளி தின்னும் பறவைக்கு என்ன நேரும் என்பதை அர்ஜென்டினா காட்டியது. நம் ஊருக்கும் நன்கு பழக்கமான மோனோகுரோட்டோபாஸை 1995-96-ல் அங்கு வெட்டுக்கிளிக்கு அடித்தார்கள். வட அமெரிக்காவிலிருந்து வலசை வந்த ஸ்வைன்சன் பருந்துகள் அந்த வயல்களில் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன.

பூனைப்பருந்தை எண்ண மலை ஏற வேண்டாம். அடையும் இடத்துக்குள் நடக்காமல், தள்ளி ஒரு வரப்பில் சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே உட்கார வேண்டும். இறங்குவதை மட்டும் எண்ணி, மிரண்டு எழுந்தவற்றைக் கழித்துவிட வேண்டும். வெளிர் சாம்பல் நிறமானவை வளர்ந்த ஆண்கள். பழுப்பு நிறமானவை பெட்டைகளும் இளசுகளும். இவற்றைத் தனித்தனியே எழுதலாம். பக்கத்தில் அன்றைய காற்று, மேகம், மழை, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், அருகில் என்ன பயிர், என்ன மருந்து அடித்தார்கள் என்பதையும் குறிக்க வேண்டும். வாரம் ஒரு மாலை, அதே வரப்பு. வடகிழக்குப் பருவமழை கொட்டி ஒன்றுமே வராத மாலையில் 0 போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.