பள்ளியில் ஓர் உவமை, கோவிலில் ஓர் உவமை

ஏழாம் வகுப்பில் பயிலும் அண்டை வீட்டுச் சிறுமி ஒருத்தி, தமிழ்த் தேர்வுத் தாளுடன் நம் இல்லத்திற்கு வந்தாள். ‘உவமை என்றால் என்ன? எடுத்துக்காட்டுத் தருக’ என்பது வினா. ஊதாரி மைந்தன் கதையை அரைப் பக்கத்திற்கு அழகாக எழுதியிருந்தாள். கிடைத்ததோ சுழி! “மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் இதைத்தானே உவமை என்றார்கள், மாமா? கோவிலில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் வேறொன்றா?” என்று கண் கலங்கக் கேட்டாள்.

சுழி இட்ட ஆசிரியரைக் குறைகூறுவதற்கில்லை. ஒரே சொல் இரு பொருளில் வழங்குகிறது என்பதை அச்சிறுமிக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை; பெரியவர்களாகிய நாமும் உரைத்ததில்லை. நற்செய்தி நூல்களின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் ‘பரபொலே’ என்றொரு சொல் உண்டு. ஒன்றன் அருகே மற்றொன்றை வைத்தல் என்பது அதன் அடிப்படைக் கருத்து. நீண்ட கதையையும் அச்சொல்லால் குறித்தனர்; மருத்துவரைப் பற்றிய சிறு பழமொழியையும் லூக்கா (4:23) அச்சொல்லாலேயே குறிக்கிறார். தமிழில் அதற்கு ‘உவமை’ என்று பெயரிட்டு வழங்குகிறோம். தமிழ் இலக்கணத்திலோ அச்சொல்லுக்கு வரையறுத்த பொருள் முன்னரே இருந்தது.

பள்ளி கற்பிக்கும் உவமையில் நான்கு உறுப்புகள் உள. ‘மலர் போன்ற மென்மையான முகம்’ என்னும்போது முகம் பொருள், மலர் உவமை, மென்மை பொதுத்தன்மை, ‘போன்ற’ என்பது உவம உருபு. உருபு மறைந்து ‘மலர்முகம்’ என நின்றால் உவமைத்தொகை. அதையே திருப்பி ‘முகமலர்’ என்றால், முகமாகிய மலர் என இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, அது உருவகம். விண்ணரசைக் கடுகு விதைக்கு ஒப்பிட்ட ஆண்டவர் கூறியது, பள்ளிக் கணக்கிலும் உவமையே. அவர் தம்மை ஆயன் என்றும் திராட்சைக் கொடி என்றும் கூறியவை உருவகங்கள்.

இந்நான்கனுள் பிள்ளைகள் மிக எளிதில் கைவிடுவது பொதுத்தன்மையை. ஆண்டவரின் நாள் இரவில் வரும் திருடனைப் போல வரும் என்று பவுலடியார் எழுதுகிறார். இறைவனைத் திருடனுக்கு ஒப்பிடலாமா என்று மருளும் குழந்தைக்கு, எதிர்பாரா வேளையில் வருதலே இங்குப் பொதுத்தன்மை என்று காட்டினால் போதும். களவுக்கு அங்கே இடமில்லை. நம் பிள்ளைகள் வரையறையை ஒப்பிக்கிறார்கள். ஒரு வரியைக் காட்டி ‘இதில் பொதுத்தன்மை எது?’ என்றால் விழிக்கிறார்கள். சுழியைவிட நம்மைக் கவலையுறச் செய்வது இதுவே.

அப்படியாயின் ஊதாரி மைந்தன் கதைக்கு இலக்கணத்தில் என்ன பெயர்? பிறிதுமொழிதல் என்னும் அணி இதற்கு நெருங்கி வருகிறது. கூறக் கருதியதை மறைத்து, உவமையை மட்டும் கூறி, பொருளைக் கேட்போர் உணர விட்டுவிடுவது அது. மயிலிறகாயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் குறள் (475) இதற்குப் பெயர்பெற்ற சான்று. பகைவரைப் பற்றிய பேச்சே அக்குறளில் இல்லை; ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தில் நிற்பதால் நாம் உணர்ந்துகொள்கிறோம். அவ்வாறே, பாவிகளோடு உண்கிறார் என்று முணுமுணுத்தவர்களுக்கு ஆண்டவர் கூறிய கதை அது. மூத்த மகன் வீட்டினுள் சென்றானா என்பது கூறப்படவே இல்லை.

பொருளை உணராவிடில் என்ன நேரும் என்பதற்குத் தாவீது அரசரே சாட்சி. ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்த கதையை நாத்தான் இறைவாக்கினர் கூறியபோது, அரசர் சினந்து அச்செல்வன் சாகவேண்டியவன் என்றார். அந்த மனிதன் அவரே என்று நாத்தான் விளக்கவேண்டியதாயிற்று (2 சாமுவேல் 12).

இவையெல்லாம் புலவர்க்கே உரியவை என ஒதுக்குவோரும் உளர். இத்தாலியில் பிறந்து நம் நாட்டிற்கு வந்த வீரமாமுனிவர், 1730-ஆம் ஆண்டில் இயற்றிய ‘தொன்னூல் விளக்க’த்தில் எழுத்து, சொல், பொருள், யாப்பு ஆகியவற்றோடு அணியையும் சேர்த்தே விளக்கினார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவோம்.

இவற்றையெல்லாம் அச்சிறுமிக்கு ஒரு மாலைப்பொழுதில் கூறினோம். கடுகு விதையை எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்குமே என்று சிரித்தாள். பின்னர் சற்றே எண்ணிப் பார்த்துக் கேட்டாள்: “நல்ல சமாரியன் கதையில் எது எதற்கு உவமை, மாமா? அவன் செய்ததையே நாமும் செய்யவேண்டும் என்பதுதானே அது?”

அதற்கு ‘எடுத்துக்காட்டு’ என்று நாம் பெயர் கூறுமுன், அவளே அச்சொல்லைத் தாளின் ஓரத்தில் எழுதிவிட்டாள்.