கையொப்பத்திற்கு முன் விளக்கம்

கோலார் தங்கவயலில் தமிழ் பேசும் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்ட பின்னரும் அங்கேயே தங்கிவிட்டோர் பலர். அத்தகைய குடும்பத்துப் பெண் ஒருத்தி கருப்பை நோய்க்குச் சிகிச்சை நாடிச் செல்வதாகக் கொள்வோம். அவள் வீட்டு மொழி தமிழ். மாநில மொழி கன்னடம். ஒப்புதல் படிவமோ ஆங்கிலத்தில் இருக்கக்கூடும். அதில் அவள் இடும் கையொப்பம் எப்பொழுது உண்மையான ஒப்புதல் ஆகும்?

இவ்வினாவிற்கு விடை காண உதவும் வழக்கு ஒன்று உண்டு. 1995 மே மாதம் தில்லியில் 44 வயதுள்ள மணமாகாத பெண்மணி ஒருவர், நீடித்த மாதவிலக்குப் போக்கிற்காக மருத்துவரை அணுகினார். லாபராஸ்கோப் என்னும் உள்நோக்குக் கருவியைக் கொண்டு செய்யும் சோதனைக்கும் சிகிச்சைக்கும், தேவை நேர்ந்தால் வயிற்றைத் திறப்பதற்கும் அவர் இசைந்து கையொப்பமிட்டார். மயக்கத்தில் இருக்கையில் அவருடைய தாயாரிடம் இசைவு பெற்று, கருப்பையும் இரு சினைப்பைகளும் அகற்றப்பட்டன.

2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இதனை ஒப்புதலற்ற செயல் எனத் தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. வயது வந்த, தெளிந்த மனமுடைய ஒருவர் மயக்கம் தெளிந்தபின் தாமே முடிவு செய்ய இயலும். ஆகவே தாயின் இசைவு அவர் இசைவாகாது. உயிரையோ உடல்நலத்தையோ காக்கத் தாமதிக்கவியலாத நிலை மட்டுமே விதிவிலக்கு. சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், மாற்று முறைகள், முக்கிய அபாயங்கள், மறுத்தால் நேரக்கூடிய விளைவுகள் ஆகியவற்றை மருத்துவர் முன்னரே விளக்கவேண்டும் எனவும் அத்தீர்ப்பு கூறுகிறது.

இவ்விளக்கம் இன்றியமையாதது ஏன்? கருப்பையை அகற்றினால் மகப்பேறு இல்லை. மாதவிலக்கு நிற்கும் வயதிற்கு முன்னரே இரு சினைப்பைகளையும் அகற்றினால் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு திடீரெனக் குறைந்து, உடல் வெப்பக் கொதிப்பும், நாளடைவில் எலும்புத் தேய்வும் உண்டாகலாம். மிகுந்த உதிரப்போக்கிற்கு மாத்திரைகள், ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனம், கட்டியை மட்டும் நீக்கும் அறுவை போன்ற வேறு வழிகளும் நோயின் காரணத்திற்கேற்ப உள்ளன.

ஆதலால் தங்கவயல் பெண்மணியும் கையொப்பமிடுமுன், தமக்குப் புரியும் மொழியில் படிவத்தைப் படித்துக் காட்டுமாறு கேட்கவேண்டும். எந்த உறுப்பு அகற்றப்படும், எது எஞ்சும், வேறு வழி உண்டா, சில வாரம் பொறுத்தால் என்ன நேரும் என்பவற்றை மருத்துவரிடம் தயங்காது வினவுதல் நலம்.