வாடகை வீட்டுக்கு எந்தக் கட்டில் பெஸ்ட்? மரமா, இரும்பா?

கல்யாண சீர்வரிசையில் தேக்குக் கட்டிலுக்கு இருக்கும் மதிப்பே தனி. ஆனால் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு அதே கட்டில் சில நேரம் பெரிய தலைவலி. தேக்கு வாங்க பட்ஜெட் இடிக்கும். அந்த விலைக்குக் கீழே கிடைக்கும் மரக்கட்டில்கள் பலவும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகைதான். இந்த இடத்தில்தான் இரும்புக் கட்டில் கைகொடுக்கிறது. எப்படி என்று பார்க்கலாம்.

மூட்டைப்பூச்சி, கரையான் தொல்லை குறைவு

மூட்டைப்பூச்சி பகலில் ஒளிந்துகொள்வது மரத்தின் விரிசலிலும் இணைப்பு இடுக்கிலும்தான். 19-ம் நூற்றாண்டிலேயே பிரிட்டன் மருத்துவமனைகள் இரும்புக் கட்டிலுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். இரும்பில் இடுக்கு குறைவு, துடைப்பதும் சுலபம். வழுவழுப்பான உலோகக் காலில் ஏறுவதும் பூச்சிக்குச் சிரமம். கரையானுக்கு இரும்பில் வேலையே இல்லை.

அதற்காகப் பூச்சியே வராது என்று நினைக்க வேண்டாம். திறந்த குழாய் முனையிலும் போல்ட் துளையிலும் அது புகுந்துகொள்ளும். மெத்தையில் இருந்தால், கட்டிலை மாற்றி மட்டும் பயனில்லை.

வீடு மாறும்போது நிம்மதி

போல்ட் போட்ட இரும்புக் கட்டிலை ஸ்பேனர் ஒன்று இருந்தால் கழற்றிவிடலாம். குறுகலான மாடிப்படியிலும் ஏற்றலாம். மரத்தூள் பலகைக் கட்டிலை இரண்டு, மூன்று முறை கழற்றி மாட்டினாலே திருகு துளை தளர்ந்து ஆட ஆரம்பித்துவிடும். தண்ணீர் பட்டால் உப்பியும் போகும். இரும்பை, பழசானாலும் எடைக்குப் போட்டுக் காசாக்கலாம்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

* கேஜ்: எண் குறைந்தால் தகடு தடிமன் கூடும். 16 கேஜ் சுமார் 1.6 மி.மீ., 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ. இருவர் படுக்கும் கட்டிலுக்கு 16 கேஜ் நல்லது.

* நடுக்கால்: 5 அடி, 6 அடி அகலக் கட்டிலில் நடுவில் தாங்குகால் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் நாளடைவில் சட்டம் தொய்ந்துவிடும்.

* பெயின்ட்: பவுடர் கோட்டிங் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். பொடியாகத் தூவி, சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு இது. வெல்டிங் போட்ட இடங்களில் பூச்சு விட்டுப்போயிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். துரு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

* ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால்: காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம். 304, 202 இரண்டு ரகத்திலுமே பொதுவாகக் காந்தம் ஒட்டாது. துருவைத் தாங்குவதில் 304 மேல். எந்த ரகம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

யாருக்கு யோசனை தேவை?

கடலோரத்தில் வசிப்பவர்கள்! உப்புக்காற்றில் சாதாரண இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். கீறல் விழுந்தால் உடனே பெயின்ட் அடித்துவிட வேண்டும். கட்டில் 'கிறீச்' என்று சத்தம் போட்டால் போல்ட்டை இறுக்கி, இடையில் ரப்பர் வாஷர் கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

மொத்தத்தில், சொந்த வீடும் கையில் காசும் இருந்தால் நல்ல தேக்கு தலைமுறைக்கும் நிற்கும். அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கு, கேஜ் பார்த்து வாங்கிய இரும்புக் கட்டிலே லாபம்!