பூட்டு இரண்டு, சாவி ஒரே சட்டைப் பையில்

ஓ.டி.பி. போகவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கொச்சி மட்டாஞ்சேரி வாசகர்களின் கடிதங்களில் பாதி இதைத்தான் கேட்கின்றன. ஏப்ரல் 1-க்குப் பிறகு குறுஞ்செய்தி வராது, கைரேகை வைத்தால்தான் கார்டு வேலை செய்யும், பழைய கார்டை வங்கியில் ஒப்படைத்துவிட வேண்டும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதாம். மூன்றும் பொய்.

உண்மையில் நடப்பது இதுதான். டிஜிட்டல் பணப் பரிமாற்றங்களில் ஆளைச் சரிபார்ப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பர் 25 அன்று ஓர் உத்தரவு போட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் வங்கிகள் அதன்படி நடக்க வேண்டும். இரண்டு விதமான சரிபார்ப்பு கட்டாயம் என்பது பழைய விதிதான். 2009 ஆகஸ்டிலிருந்தே இணையத்தில் கார்டு போடும்போது இரண்டாவதாக ஒன்றைக் கேட்கிறார்கள். ஐரோப்பாவில் இது கட்டாயமானது அதற்குப் பத்து ஆண்டு கழித்து. அந்த வகையில் நம் ரிசர்வ் வங்கிக்கு ஒரு சபாஷ் போடலாம்.

உத்தரவின் மொழியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘கூடுதல் சரிபார்ப்பு’ என்றால், பணம் கட்டுவது நீங்கள்தான் என்பதற்கு வங்கி கேட்கும் இன்னொரு சாட்சி. பிற்பாடு தகராறு வந்தால் அந்தச் சாட்சி யார் பக்கம் பேசும் என்பது வேறு விஷயம், அதற்கு வருகிறேன். ‘இடர் அடிப்படையிலான சோதனை’ என்றால், நீங்கள் எந்த ஊரில், எந்தப் போனில், எந்த நேரத்தில், எவ்வளவு செலவழிக்கிற பழக்கம் உள்ளவர் என்பதையெல்லாம் வங்கி குறித்து வைத்துக்கொள்வதற்கு ஒரு மரியாதையான பெயர். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தால் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கலாம். அவ்வளவு குறித்து வைத்திருந்தும் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை உத்தரவு நம் ஊகத்துக்கு விட்டுவிட்டது.

இதில் என் கண்ணில் பட்டது வேறு இரண்டு நிபந்தனைகள். கார்டை நேரில் நீட்டாத பரிமாற்றங்களில், சரிபார்ப்புகளில் ஒன்றாவது அந்தந்தப் பரிமாற்றத்துக்கென்று புதிதாகப் பிறந்ததாக இருக்க வேண்டும். இது ஒன்று. ஒரு சரிபார்ப்பு திருடன் கையில் சிக்கினாலும் மற்றது கெடாமல் நிற்க வேண்டும். இது இன்னொன்று. முதல் நிபந்தனை கெட்டிக்காரத்தனமானது. இரண்டாவது, காகிதத்தில் மட்டும் நிற்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

முதல் நிபந்தனையின் அருமை தெரிய, காந்தப் பட்டைக் காலத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். 1960-களில் ஐ.பி.எம். பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி, பிளாஸ்டிக் அட்டையில் காந்த நாடாவை ஒட்டவைக்க முடியாமல் தவித்தபோது, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் பார்க்கச் சொன்னவர் அவர் மனைவி என்பார்கள். ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தப் பட்டை யார் கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும், அதே பதிலைத்தான் சொல்லும். ஒருமுறை கேட்டவன் தானும் அதையே சொல்லலாம். 2016 ஆகஸ்டில் திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் ஒரு ஏ.டி.எம்.முக்குள் ருமேனியக் கும்பல் ரகசியக் கருவி பொருத்தி, வாடிக்கையாளர்களின் கார்டு விவரத்தையும் பின் எண்ணையும் எடுத்து, போலிக் கார்டு அடித்து மும்பையில் பணத்தை உருவியது இப்படித்தான். அதே ஆண்டு அக்டோபரில் நாடு முழுக்கச் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரம் கசிந்திருக்கலாம் என்று செய்தி வந்து வங்கிகள் அலறின. சிப் கார்டுக்கு மாற 2018 டிசம்பர் 31 வரை கெடு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது. இந்தக் கசிவுக்குப் பிறகுதான் அவசரம் வந்தது.

சிப் என்ன செய்கிறது? அதன் வயிற்றில் ஒரு ரகசிய எண் இருக்கிறது. அந்த எண் ஒருபோதும் வெளியே வராது. மெஷினில் செருகியதும் தொகை, தேதி, மெஷின் அப்போது உருவாக்கிய ஓர் எண், இது இந்தக் கார்டின் எத்தனையாவது பரிமாற்றம் என்ற கணக்கு எல்லாவற்றையும் ரகசிய எண்ணோடு சேர்த்துப் பிசைந்து ஒரு குறியீட்டைத் துப்பும். ரகசியத்தை அறிந்த வங்கிக் கணினி தானும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் பணம். குறியீட்டை ஒட்டுக்கேட்டவனுக்கு ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் அடுத்த முறை அது வேறு. சிப் தன் ரகசியத்தைச் சொல்லாமலேயே, அது தன்னிடம் இருப்பதை மட்டும் நிரூபித்துவிட்டுப் போகிறது. கார்டு மோசடிக்கு எதிரான கண்டுபிடிப்புகளில் எனக்கு இதைவிட அழகானது தெரியாது.

ஓ.டி.பி.யும் அப்போதைக்கு அப்போது பிறப்பதுதான். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியும். குறுஞ்செய்தியாக வருகிறது, திரையில் தெரிகிறது, கண்ணால் படித்து விரலால் அடிக்கிறோம். வழியில் எங்கு வேண்டுமானாலும் இன்னொருவர் படிக்கலாம்.

படித்துவிட்டார்கள் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். உங்கள் வண்டிக்கு அபராதம் விழுந்திருக்கிறது, ‘பரிவாஹன்’ செயலியில் பாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, கூடவே ஒரு ஏ.பி.கே. கோப்பு. பலருக்கும் வந்திருக்கும். நிறுவினால் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்ததும் உங்களுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் அவனுக்கும் போகும். 2025 ஜூலையில் கொச்சி நகர சைபர் போலீசார் வாரணாசி வரை போய் இந்த வழக்கில் இருவரைப் பிடித்து வந்தார்கள். ஏமாந்தவர்கள் யாரிடமும் ஓ.டி.பி.யைச் சொல்லவில்லை. ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று வங்கிகள் ஆண்டுக்கணக்காக ஓதிய மந்திரத்தை அப்படியே கடைப்பிடித்தவர்கள்தான்.

இனி அந்த இரண்டாவது நிபந்தனையைப் பாருங்கள். ஒன்று போனாலும் மற்றது நிற்க வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு வங்கிச் செயலி, ஓ.டி.பி. வரும் சிம், மின்னஞ்சல், கைரேகை, சேமித்த கார்டு எல்லாமே ஒரே போனில். இரண்டு பூட்டுப் போட்டு இரண்டு சாவியையும் ஒரே சட்டைப் பையில் வைத்திருக்கிறோம். சட்டையே களவு போனால்?

இதற்கு வங்கிகள் தரும் பதிலைத் தள்ளிவிட முடியாது. சிப்பின் வயிற்றில் இருந்த ரகசியம் போல, போனுக்குள்ளும் பாதுகாப்பான ஒரு மூலையில் ரகசிய எண்ணை வைத்து, கைரேகை வைத்தால் மட்டும் அது கையொப்பமிடும்படி செய்யலாம். குறுஞ்செய்தியைத் தொலைவிலிருந்து படிக்கிறவனால் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போக முடியாது. குறுஞ்செய்தி ஓ.டி.பி.யைவிட இது எவ்வளவோ மேல். வங்கிகள் இந்தப் பக்கம் நகர்ந்தால் உத்தரவு நல்லதே செய்திருக்கிறது. ஆனால் குறுஞ்செய்தி ஓ.டி.பி.யை நிறுத்தச் சொல்லாததால், செலவு பார்க்கும் வங்கி அதிலேயே காலம் தள்ளலாம். தவிர, போனில் பேசி மிரட்டி உங்கள் விரலையே வைக்கச் சொல்கிறவனுக்கு முன்னால் எந்தக் கணக்கும் உதவாது. கையொப்பம் உங்கள் போனிலிருந்து வந்தது என்று மட்டுமே அது நிரூபிக்கும். உங்களுக்குப் புரிந்துதான் ஒப்புக்கொண்டீர்களா என்பது அதற்குத் தெரியாது.

அந்தச் சாட்சி யார் பக்கம் பேசும் என்று கேட்டேனே. வாடிக்கையாளர் புகார் கொடுத்தால், ‘சரியான ஓ.டி.பி. பதிவாகியிருக்கிறது’ என்று ஒரு தாள் வரும். அந்தத் தாளை எவ்வளவு நம்பலாம்? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் ஒன்றைச் செய்து காட்டினார்கள். திருடிய சிப் கார்டுக்கும் கடை மெஷினுக்கும் நடுவே ஒரு சின்னக் கருவியைச் செருகினார்கள். மெஷின் பின் எண்ணை அனுப்பும்போது, கருவி அதைக் கார்டிடம் கொடுக்காமலேயே ‘சரிதான்’ என்று பதில் சொல்லிவிடும். கார்டு, இது கையெழுத்துப் போட்டு முடிக்கும் பரிமாற்றம் என்று நினைத்துக்கொள்ளும். மெஷினோ பின் எண் சரிபார்க்கப்பட்டதாக ரசீது அடிக்கும். எந்த நான்கு இலக்கத்தை அடித்தாலும் பலித்தது. அடுத்த ஆண்டே பிரான்சில் திருடிய கார்டுகளை வைத்து ஒரு கும்பல் இதைப் பெல்ஜியக் கடைகளில் செய்தது. பின் எண் வங்கிக் கணினி வரை போய்ச் சரிபார்க்கப்படும் இடங்களில் இந்தத் தந்திரம் எடுபடாது. ஆனால் ‘பின் எண் போடப்பட்டது, ஆகவே போட்டது நீங்கள்தான்’ என்று சாதித்துக்கொண்டிருந்த வங்கிகளின் வாதத்தில் அன்று ஓட்டை விழுந்தது.

நம் ஊரிலும் விதி வாடிக்கையாளருக்கு அவ்வளவு பாதகமாக இல்லை, படித்தவர்கள்தான் குறைவு. 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, நடுவில் எங்கோ என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு நட்டம் சுழியம். வங்கியின் தவறு என்றால் நீங்கள் புகார் செய்யாவிட்டாலும் சுழியம். தவறு உங்களுடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியைச் சேர்ந்தது. புகார் செய்த பத்து வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் திருப்பி வைக்க வேண்டும். ஆனால் நீங்களே ரகசியத்தைக் கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரை போனதெல்லாம் உங்கள் நட்டம். ஏ.பி.கே. நிறுவியது ரகசியத்தைக் கொடுத்த மாதிரியா, இல்லையா? சண்டை முழுவதும் இங்கேதான்.

புதிய உத்தரவு இன்னொன்றைச் சேர்க்கிறது: இந்த விதிகளை வங்கி பின்பற்றாததால் நட்டம் வந்தால், மறுபேச்சில்லாமல் முழுத் தொகையையும் ஈடுகட்ட வேண்டும். தலைப்புச் செய்தியாக வந்தது இந்த வரிதான். ‘பின்பற்றாததால்’ என்ற சொல்லைத் தலைப்பில் காணோம். வங்கி இரண்டு பூட்டையும் ஒழுங்காகப் போட்டிருந்து, நீங்கள் ஏமாற்றப்பட்டிருந்தால், இந்த வரி உங்களுக்கு இல்லை. ஒரு சட்டைப் பையில் கிடக்கும் இரண்டு சாவியை ‘ஒன்று போனாலும் மற்றது நிற்கும்’ ஏற்பாடாக ஏற்கலாமா என்று யாராவது வழக்குப் போட்டால்தான் இதற்கு உயிர் வரும்.

மட்டாஞ்சேரியின் குஜராத்தி வணிகர்களுக்கு இந்தச் சிக்கல் அந்நியமாக இருக்காது. அவர்கள் சமூகம் நாடெங்கும் புழங்கிய உண்டி என்ற பணச் சீட்டுகளில் ‘ஷாஜோக்’ என்று ஒரு வகை. சந்தையில் பெயருள்ள ஒரு ஷா, அதாவது மதிப்புள்ள வணிகர், கொண்டுவந்து நீட்டினால்தான் பணம். பின்னால் அது போலி என்றோ திருட்டு என்றோ தெரிந்தால், அந்த ஷா வட்டியோடு திருப்பித் தர வேண்டும். விசாரிக்காமல் வாங்கினால் தன் கை நட்டம் என்று தெரிந்ததால் ஷாவும் விசாரித்தே வாங்கினார். நட்டம் யார் தலையில் விழும் என்பது அங்கே முன்கூட்டியே தீர்மானமாகியிருந்தது. இன்று நம் கார்டுக்குப் பின்னால் இருக்கும் ஷா யார் என்று வங்கி, கார்டு நிறுவனம், செயலி மூன்றையும் கேட்டால் மூவரும் வாடிக்கையாளரைக் கை காட்டுகிறார்கள்.

மட்டாஞ்சேரி யூதத் தெருக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு விளக்கம். அதே உத்தரவில் உள்ள அக்டோபர் 1, 2026 கெடுவைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அது இந்தியாவில் கொடுத்த கார்டை வெளிநாட்டு இணையதளத்தில் போடும்போது, அந்தத் தளம் சரிபார்ப்புக் கேட்டால் நம் வங்கி செய்துதர வேண்டும் என்பது. உங்கள் கடைக்கு வரும் ஜெர்மானியரின் கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவருடைய கார்டு பின் எண் கேட்பதும் கையெழுத்துக் கேட்பதும் அவர் வங்கியின் ஏற்பாடு. உங்கள் பாடு சார்ஜ்பேக்: ஊருக்குப் போன பிறகு ‘நான் வாங்கவே இல்லை’ என்பார்கள். சிப் இருக்கும் கார்டைத் தேய்க்காதீர்கள், செருகுங்கள் அல்லது தட்டச் சொல்லுங்கள். போனில் எண் வாங்கி மெஷினில் அடிப்பதை விட்டுவிட்டு, அவர் வங்கியே சரிபார்க்கும் 3-டி செக்யூர் வசதியுள்ள கட்டண இணைப்பை அனுப்புங்கள். அப்போது மோசடிப் புகாரின் சுமை பொதுவாக அவர் வங்கிக்குப் போகும். பெட்டி அனுப்பிய ரசீதை மட்டும் தூக்கிப் போடாதீர்கள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

விருந்தினரின் கார்டு எண்ணை நோட்டில் எழுதி வைக்கலாமா? கூடாது. 2022 அக்டோபர் 1 முதல் கார்டு எண்ணைச் சேமிக்கும் உரிமை அதைக் கொடுத்த வங்கிக்கும் கார்டு நிறுவனத்துக்கும்தான்.

அப்படியானால் இணையக் கடைகள் என் கார்டை எப்படி நினைவில் வைத்திருக்கின்றன? எண்ணுக்குப் பதில் அந்தக் கடைக்கு மட்டும் செல்லும் டோக்கன் ஒன்றை வைத்திருக்கின்றன. திருடினாலும் வேறு கடையில் செல்லாது.

தட்டினால் பின் எண் கேட்காமல் போகிறதே? 5,000 ரூபாய் வரை அப்படித்தான். வேண்டாமென்றால் வங்கிச் செயலியில் அணைத்துவிடலாம்.

வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்குமா? புதிய கார்டில் இருக்காது. உங்கள் பழைய கார்டை ஒருமுறை பாருங்கள்.

மாதச் சந்தாவுக்கும் ஒவ்வொரு முறை ஓ.டி.பி. வருமா? முதல் முறை மட்டும். பிறகு 15,000 ரூபாய் வரை தானே போகும், ஒரு நாள் முன்பு தகவல் வரும்.

பணம் போய்விட்டால் முதலில் யாரிடம்? சைபர் மோசடி உதவி எண் 1930. பிறகு வங்கி, எழுத்தில்.

காந்தப் பட்டையைச் சுரண்டிவிடலாமா? தேவையில்லை. 2033-இல் தன் கார்டுகளில் பட்டையே இருக்காது என்று மாஸ்டர்கார்டு சொல்லியிருக்கிறது.

சிவிவி எண் மேல் ஸ்டிக்கர் ஒட்டலாமா? மனப்பாடம் இருந்தால் தாராளமாக.