சொன்னால் போதுமா?

பத்திரிகைகளிலும் சட்டசபை விவாதங்களிலும் அடிக்கடி அடிபடும் ஆங்கில வினைச்சொல் ஒன்று உண்டு. அதுதான் ‘சப்ஸ்டான்ஷியேட்’. இதை ‘நிரூபி’ என்று மொழிபெயர்த்துவிட்டு நம்மவர்கள் திருப்தியடைந்து விடுகிறார்கள். நிரூபிப்பதற்குத்தான் ‘ப்ரூவ்’ என்று வேறு சொல் இருக்கிறதே! ‘ப்ரூவ்’ ஐயத்தைத் தீர்த்து முடிவு கட்டுவது. ‘சப்ஸ்டான்ஷியேட்’ என்பதோ சொன்ன சொல்லுக்கு ஆதாரங் காட்டி, அதை ஊன்றி நிற்கச் செய்வது. லத்தீன் மூலத்திலும் ‘கீழே நிற்பது’ என்பதே கருத்து.

இவ்வேற்றுமையை அறியச் சீமைக்குப் போகவேண்டியதில்லை. பீங்கான் பொருள்களுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலம் வரை போனால் போதும். அவ்வூரின் பழம்பெயர் திருமுதுகுன்றம். சுந்தரமூர்த்தி நாயனார் அங்கே இறைவனிடம் 12,000 பொன் பெற்று, மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்ததாக 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் பாடினார். ஆற்றில் இடுமுன் நாயனார் அப்பொன்னில் சிறிது வெட்டி மச்சமாக, அதாவது மாதிரியாக, வைத்துக்கொண்டார். கொடுத்தவர் கடவுளேயானாலும் மாதிரி வேண்டுமல்லவா! திருவாரூரில் உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பாடிய பின்னரே மச்சத்தோடு ஒத்தது. உரைத்துப் பார்த்தவர் பிள்ளையார் என்பது வழக்கு. மாற்றுரைத்த விநாயகர் என்று அவருக்குப் பெயர். சொல்வதற்கும் தேய்த்துப் பார்ப்பதற்கும் ‘உரை’ என்ற ஒரே சொல்லைத் தமிழர் வைத்ததும் கவனிக்கத்தக்கது.

இதே நாயனார் முன்பு திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் எதிர்வழக்காடியாக நின்றவர். ‘நீ என் அடிமை’ என்று கிழவேதியர் ஒருவர் காட்டிய ஓலையை இவர் கிழித்தெறிந்தார். கிழிந்தது படிதான், மூல ஓலை இருக்கிறது என்றார் முதியவர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் ஒன்றைக் காட்டும்படி சபையார் கேட்டனர். முதியவர் மூல ஓலையை நீட்டினார். அதுதான் ‘சப்ஸ்டான்ஷியேட்’. சபையார் அத்துடன் விட்டார்களில்லை. சாட்சிக் கையெழுத்துக்களைப் பார்த்து, சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையையும் வரவழைத்து ஒப்பிட்டு, எழுத்து ஒத்திருக்கக் கண்ட பின்னரே நாயனார் தோற்றதாகக் கூறினர். இது ‘ப்ரூவ்’.

கோருபவனே ஆதாரங் காட்டவேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் விதி. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்த பாரதிய சாட்சிய அதினியத்திலும் அவ்விதி நீடிக்கிறது.

பிரயோகத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். குற்றச்சாட்டு, கோரிக்கை, கணக்கு முதலியவற்றையே ‘சப்ஸ்டான்ஷியேட்’ செய்யலாம். ஆளைச் செய்ய இயலாது. ஒரு குற்றச்சாட்டை ‘அன்சப்ஸ்டான்ஷியேட்டட்’ என்று ஆங்கிலப் பத்திரிகை எழுதினால், அது பொய் என்று நம் பத்திரிகைகள் சில தலைப்பிட்டு விடுகின்றன. பொய் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஓலை இன்னும் சபைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.