சட்டைப்பைக்குள் ஒரு குறிப்பேடு

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டுக்களம் நினைவிருக்கும். விடியுமுன் கிராணியார் பதிவுப் புத்தகத்தைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார். அந்தப் புத்தகம் மழையில் நனைந்ததுண்டு. பேட்டரி தீர்ந்து வெறுமையானதில்லை.

அத்தகைய புத்தகத்தின் இடத்தைப் பிடிக்க 1980-களின் இறுதியிலிருந்து பல கைக்கருவிகள் போட்டியிட்டன. கேசியோ, ஷார்ப் நிறுவனங்களின் டிஜிட்டல் டைரிகள் தொலைபேசி எண்களுக்கும் நாள் குறிப்புக்கும் போதுமானவை. நிறைய எழுதுவோருக்குப் பிரிட்டனின் சையன் நிறுவனம் 1991-இல் விசைப்பலகையுடன் 'சீரீஸ் 3' கருவியைத் தந்தது.

1993-இல் ஆப்பிள் நிறுவனத்தின் நியூட்டன் வந்தது. எழுதுகோலால் நாம் எழுதுவதைத் தானே படித்துக்கொள்ளும் என்றார்கள். தொடக்கத்தில் அது சொற்களைத் தவறாகப் படித்துக் கேலிக்கு ஆளாயிற்று, 1998-இல் நிறுத்தப்பட்டது. 1996-இல் வந்த பைலட் வேறு வழியில் சென்றது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், முதலில் ஒரு மரத்துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்து, அளவு சரிதானா என்று பார்த்தாராம். அதன் எழுத்துமுறைக்குக் 'கிராஃபிட்டி' என்று பெயர். 'ஏ' என்னும் ஆங்கில எழுத்துக்குக் குறுக்குக்கோடு போடக்கூடாது. கவிழ்த்த 'வி' போல எழுத வேண்டும். நியூட்டன் மாணவனாகி நம் கையெழுத்தைக் கற்க முயன்றது. பைலட்டோ ஆசிரியராகி நம் கையைத் திருத்தியது. வாத்தியார் வேலை பார்ப்பவனுக்கு எது பிடித்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை!

ஆனால் அந்த எழுத்துமுறையில் நம் 247 எழுத்துகளுக்கு இடமில்லை. இந்திய மொழிகளையும் எண்ணி உருவானது பெங்களூர் அறிவியலாளர்களின் சிம்ப்யூட்டர். 2004-இல் விற்பனைக்கு வந்த அக்கருவியை, ஆளுக்கொரு அட்டை செருகிப் பலர் பகிர்ந்துகொள்ளலாம். நல்ல எண்ணந்தான், எதிர்பார்த்தபடி விற்கவில்லை.

எழுத்தைவிட முக்கியமானது நினைவகம். அக்காலக் கருவிகள் பலவற்றில் பேட்டரி முற்றிலும் தீர்ந்தால் பதிவுகள் அழிந்துவிடும். ஆகவே பைலட்டுடன் ஒரு தாங்கியும் தந்தார்கள். கருவியை அதில் நிறுத்திப் பொத்தானை அழுத்தினால் எல்லாம் கணினியில் படியெடுக்கப்படும். இன்று அந்த வேலைகளைக் கைப்பேசி செய்கிறது. அதை வாங்கும்போதும் முதலில் கேளுங்கள்: "கருவி கெட்டாலோ தொலைந்தாலோ, என் குறிப்புகளுக்கு மறுபடி எங்கே இருக்கும்?"

நான் கேட்கவில்லை. பயிற்சிக் கல்லூரி முடித்த புதிதில் பழைய கைக்கருவி ஒன்றை வாங்கிப் பெற்றோர் எண்களையெல்லாம் அதில் ஏற்றினேன். வீட்டில் கணினி இல்லை. பள்ளி விடுமுறையில் கருவியை மேசைக்குள் போட்டுவிட்டேன். பள்ளி திறந்த வாரத்தில் ஒரு பையனுக்குக் கடுங்காய்ச்சல். தாயார் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் ஷிப்டு வேலையில் இருந்தார். கருவியைத் திறந்தேன், ஓர் எண்ணும் இல்லை. பக்கத்து வீட்டார் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்த்தான் அந்த அம்மாவை அழைத்து வந்தார்.

அந்த வாரம் மாலைதோறும் லயத்து வீடுகளுக்கு நடந்து, நாற்பது காசுப் புத்தகமொன்றில் எண்களை மறுபடி எழுதினேன்.